கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் வழங்கி குழம்பிவிடுமா?

‘கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள், வழங்கி குழம்பிவிடும்.’ கல்லூரிகளிலும் பதிப்பகங்களிலும் சிற்றிதழ் அலுவலகங்களிலும் கணினி வலையமைத்துத் தருவோர், பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாயிற்படியில் நின்று ஓதிவிட்டுச் செல்லும் உபதேசம் இது. கேட்பவர் தமிழ்ப் பேராசிரியராக இருப்பார். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இருபதாண்டுகள் பாடம் சொன்னவராக இருப்பார். அவரும் தலையாட்டிவிட்டு, மறுநாள் முதல் தம் ஆய்வேட்டுக்குச் ‘சேப்டர் ஒன் நியூ பைனல்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் சூட்டத் தொடங்குவார். அந்த உபதேசம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அந்தக் காலம் 2003ஆம் ஆண்டோடு முடிந்தது. முடிந்துபோன ஒன்றை இன்றும் விதியென்று சொல்லிக் காசு வாங்குவதை எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இதென்ன மின்கம்பிப் பேச்சு என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பை மேடைதோறும் புகழ்கிறோம். ஏட்டைச் செல்லரிக்காமல் வைப்பது எப்படி, பெயர்த்தெழுதும்போது எழுத்துப் பிழை நேராமல் காப்பது எப்படி, யாரிடம் எந்த ஏடு போயிற்று என்று கணக்கு வைப்பது எப்படி என்பனவெல்லாம் அவ்வுழைப்பின் பகுதிகளே அல்லவா? நம் காலத்து ஏடுகள் வட்டில் இருக்கின்றன. அவ்வட்டைப் பற்றிப் பேசுவது மட்டும் எப்படித் தகுதிக் குறைவாகும்?

முதலில் எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறோம். கொல்லிமலையடியில் சேந்தமங்கலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மூன்று வகைப் பொருள்களைத் திரட்டி வருகிறோம். பழஞ்சிற்றிதழ்களின் ஒளிவருடல்கள், மலைமீதுள்ள ஊர்களில் பதிவுசெய்த பாடல்களும் கதைகளும், மாணவர்தம் ஆய்வேடுகள். இவற்றில் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கணினிகளோ சாதிக்கொன்று: பெரும்பாலும் விண்டோஸ், ஒருவரிடம் ஆப்பிள், இருவரிடம் லினக்ஸ். கழித்துப் போட்ட மேசைக் கணினி ஒன்றில் இரண்டு புதிய வட்டுகளைப் பொருத்தி, டெபியன் லினக்ஸை நிறுவி, அதன்மேல் சாம்பா என்னும் மென்பொருளை இயக்கி, எல்லாரும் ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் வைக்கும்படி செய்திருக்கிறோம். திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும் பெட்டி அது. யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளம் ஒன்றால், அதைப் பற்றி ஏதும் அறியாத மேசைக் கணினிக்காரர்களுக்குக் கோப்பு வழங்குவது என்பது இவ்வளவுதான். விண்டோஸ்காரரின் கண்ணுக்கு அது இன்னொரு வட்டுபோலத் தெரிகிறது. பின்னால் இருப்பது என்னவென்று அவர் அறிய வேண்டிய தேவையே இல்லை.

‘இதற்கெல்லாம் ஏன் பெட்டி? எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றிவிடலாமே’ என்பது அடுத்த உபதேசம். கொல்லிமலையில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் இணைய வேகத்துக்குத்தான். கணக்கைப் பாருங்கள். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 104 மெகாபைட் வரும். எண்பது பக்க இதழொன்று 8 கிகாபைட்டைத் தாண்டும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றுவேகம் இடையறாது கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அதை மேலேற்ற இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அறைக்குள் இழுத்த கிகாபிட் கம்பி வழியே எங்கள் பெட்டிக்கு அனுப்ப ஒன்றேகால் நிமிடம் போதும். இதில் வாதத்துக்கு என்ன இருக்கிறது?

வேகம் ஒருபுறம் இருக்கட்டும். இலக்கிய அன்பர்களுக்கு வேறொன்றை நினைவூட்ட வேண்டும். மரத்தடி, ராயர் காப்பி கிளப் ஆகிய பெயர்கள் இதைப் படிக்கும் பலருக்கு இன்றும் நெஞ்சில் இனிப்பவை. யாஹூ குழுமங்களில் வளர்ந்தவை அவை. 2019 டிசம்பரில் யாஹூ தன் குழுமங்களின் பழைய மடல்களையும் கோப்புகளையும் தளத்திலிருந்து அகற்றியது. 2020 டிசம்பரில் குழுமச் சேவையையே மூடியது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 2009இல், ஜியோசிட்டீஸ் போயிற்று. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போயிற்று. எடுத்து வைத்தவர்களிடம் இருப்பதே இன்று இருப்பு. அந்நிறுவனங்கள் வஞ்சகம் செய்தன என்று நாங்கள் சொல்லவில்லை. வாடகை கொடுக்காமல் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் இடித்தால் அவரைத் திட்டுவதில் பொருளில்லை. நம் பெட்டியை நாம் வைத்திருந்தோமா என்பதே கேள்வி.

இந்தச் சாம்பாவின் வரலாறு பலர்க்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. (நம்மூரில் சம்பா என்றால் நெல். இதற்கும் அதற்கும் உறவில்லை.) 1991ஆம் ஆண்டின் இறுதியில், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தம் மேசைக் கணினியிலிருந்தபடியே யூனிக்ஸ் பொறியின் வட்டைப் பயன்படுத்த விரும்பினார். இரண்டும் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைக்கு அவர் கையில் ஆவணம் ஏதுமில்லை. கம்பியில் ஓடும் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த மொழியைத் தாமே கற்றார். பிற்காலத்தில் அதை விளக்கும்போது அவர் காட்டிய உவமை அழகானது: பிரெஞ்சு அறியாத ஒருவர் பிரெஞ்சு உணவகமொன்றில் அமர்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னால் பரிசாரகர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனித்துக் கவனித்தே மொழியைப் பழகிவிடுவது போன்றது அது. இலக்கணம் கண்ட பின் மொழி அன்று. மொழியைக் கேட்ட பின் இலக்கணம். நம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் வைத்த பெயருக்கு வேறொரு நிறுவனம் வணிக உரிமை கொண்டாடவே, எஸ், எம், பி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பொன்றில் தேடச் சொல்லி ‘சாம்பா’ என்பதைப் பொறுக்கினார் என்பது கிளைக்கதை.

பெருங்கதை நீதிமன்றத்தில் நடந்தது. பணிக்குழு வழங்கிகள் விண்டோஸ் கணினிகளோடு பேசும் நெறிமுறைகளை மைக்ரோசாப்ட் மறைத்து வைக்கிறது என்னும் குற்றச்சாட்டில், 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்தது. நெறிமுறைகளை வெளியிடவும் ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பரில் ஆணையத்தின் முடிவே பெரிதும் நிலைநின்றது. அவ்வாண்டு டிசம்பரில், சாம்பா போன்ற கட்டற்ற மென்பொருள்களின் பொருட்டு அமைந்த அறக்கட்டளை ஒன்று 10,000 யூரோ செலுத்தி அந்த ஆவணங்களைப் பெற்றது. பதினாறு ஆண்டுகள் ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழிக்கு அப்போதுதான் இலக்கண நூல் கைக்கு வந்தது. இன்று கடைகளில் ‘வலையமைப்புச் சேமிப்பகம்’ என்று பளபளப்பான உறையில் விற்கும் சிறு பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பவை இதே லினக்ஸும் இதே சாம்பாவும்தாம். தமிழ்நாட்டில் இது எவர்க்கும் தெரியாத வித்தையும் அன்று. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், லினக்ஸுக்கு மாறியதை நாளேடுகள் எழுதின.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். உபதேசத்தின் மூலம் எங்கிருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் நாம் தமிழ் தட்டியது எழுத்துருவின் தயவில். பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில ‘எஃப்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’வின் உருவம் வரையப்பட்டிருந்தது. கணினிக்கு அது ‘எஃப்’தான், நம் கண்ணுக்கு மட்டுமே ‘க’. கட்டுரைக்குள் எழுத்துருவை மாற்றலாம். கோப்பின் பெயரைக் காட்டும் சாளரத்தில் மாற்ற வழியில்லை. அங்கே பெயர் ஆங்கில எழுத்துகளின் அலங்கோலமாகவே தெரிந்தது. திஸ்கி வந்தது, 1999 சென்னை மாநாட்டையடுத்து டாம், டாப் வந்தன. ஒரு வீட்டில் மூன்று அடுப்பு. விண்டோஸ் 2000இலும் எக்ஸ்பியிலும் ஒருங்குறித் தமிழ் வந்தபின் கோப்பின் பெயரைத் தமிழிலேயே எழுத முடிந்தது. ஆனால் அப்போதிருந்த சாம்பா, கம்பி வழியே பெயர்களைப் பழைய குறிப்பக்கங்களைக் கொண்டு பரிமாறியது. தமிழுக்கென்று அப்படியொரு குறிப்பக்கம் விண்டோஸில் புழக்கத்தில் இருந்ததே இல்லை. எனவே தமிழ்ப் பெயர்கள் வழங்கியில் சிதைந்தன. உபதேசம் பிறந்த இடம் இதுதான். 2003 செப்டம்பரில் வெளிவந்த சாம்பா 3.0 கம்பி வழியே ஒருங்குறியில் பேசத் தொடங்கியது. யூனிக்ஸ் பக்கத்தில் பெயர்களை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் எழுதுவதே இயல்பிருப்பு. அமைவுக் கோப்பில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். எவனும் கெடுக்காமல் இருந்தால் போதும். தமிழ்நாட்டரசும் 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்று அரசாணை வெளியிட்டது. இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. உபதேசம் மட்டும் ஓயவில்லை.

அப்படியானால் சிக்கலே இல்லையா? உண்டு. அவை வேறு, உபதேசிகள் அறியாதவை.

எங்கள் மலையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொல்லிமலை’ என்பதன் முதலெழுத்தாகிய ‘கொ’வை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாக எழுதுவது ஒன்று. ககரத்தின் பின் எகரக் கொம்பும், அதன்பின் காலுமாக இரண்டு குறிகளாக எழுதுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமை எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. முதல் வகையில் அப்பெயர் 27 பைட். இரண்டாம் வகையில் 30 பைட். ஆகவே ஒரே அடைவுக்குள் ‘கொல்லிமலை’ என்று இரண்டு உறைகள் அருகருகே இருக்க முடியும். ஒன்றில் தேடியவர்க்கு மற்றொன்றில் உள்ளது கிடைக்காது. இந்த இரண்டாம் வகை எங்கிருந்து வரும்? ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதி வைத்தது. அவ்வட்டிலிருந்து ஆர்சிங்க் போன்ற கருவியால் நேரடியாகப் படியெடுத்தால் பிரிந்த வடிவமே வந்து சேரும். (அந்த ஆர்சிங்க்கும் டிரிட்ஜெல் கைப்பட்டதே.) சில பழைய தட்டச்சு மென்பொருள்களும் இப்படிப் பிரித்தெழுதின. தீர்வு எளிது: படியெடுக்கும்போதே குறியேற்ற மாற்றம் செய்யச் சொல்லலாம், வந்து சேர்ந்தவற்றைக் ‘கான்வ்எம்வி’ என்னும் சிறு கருவியால் ஒரே வடிவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் சிக்கல் இன்னதென்று அறிந்தவன் அல்லவா தீர்வைத் தேடுவான்? ‘தமிழ் என்றால் இப்படித்தான் சார்’ என்பவன் எதைத் தேடுவான்?

ஔவையாரின் கதை இதைவிடச் சுவையானது. ‘ஔ’ என்னும் உயிரெழுத்து விசைப்பலகையில் இருக்கும்போதே, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று எழுதுவோர் தமிழாசிரியர்களிலேயே உண்டு. இதைக் குறியேற்றத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது. எந்தக் கருவியும் இதைத் திருத்தாது. கண்ணுள்ளவர்தாம் திருத்த வேண்டும். ‘ஸ்ரீ’க்கும் இப்படி இரு வழி உண்டு. ‘ஶ’ என்னும் எழுத்து 2005இல் ஒருங்குறியில் சேர்ந்தபின், அதைக் கொண்டு எழுதுவது ஒன்று, ஸகரத்தைக் கொண்டு எழுதும் பழைய வழக்கம் மற்றொன்று. இவை விதிப்படியும் சமமல்ல. பாடவேறுபாடு என்பது ஏட்டோடு முடிந்துவிட்டது என்று யார் சொன்னார்?

பெயரின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸின் எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு எல்லை 255 பைட். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஆகவே 85 குறிகள். ‘சேந்தமங்கலம்’ என்பதில் எட்டெழுத்து, குறிகளோ பன்னிரண்டு, பைட்டோ 36. விண்டோஸின் வட்டிலோ 255 குறிகள் வரை பெயர் நீளலாம். அங்கே பிழையின்றி இருந்த கோப்பை எங்கள் பெட்டிக்கு மாற்றும்போது, பெயர் நீளமென்று அது ஏற்க மறுக்கும். நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கண்டவர்க்கு இது கற்பனையான ஆபத்து அன்று என்று புரியும். ‘ஓர் ஆய்வு’ என்னும் வாலைக் கோப்பின் பெயரிலாவது வெட்டலாம். அதுபோலவே கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும். லினக்ஸில் இருப்பவர் இவற்றைப் பெயரில் தாராளமாக இடலாம். விண்டோஸ் இவற்றை ஏற்பதில்லை. எனவே சாம்பா அப்பெயரை மறைத்து, எழுத்தும் எண்ணும் அலைக்குறியுமாக ஒரு புனைபெயரைக் காட்டும். தமிழ்க் கட்டுரையாளர்க்குத் தலைப்பில் கேள்விக்குறி இல்லாவிட்டால் உறக்கம் வராது (மேலே பார்க்கவும்). கோப்பின் பெயரில் மட்டும் அதைத் தவிர்த்துவிடலாம். கவனியுங்கள்: இது ஆங்கிலப் பெயர்க்கும் உள்ள தடையே. தமிழ்மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை.

மாறாக, ஆங்கிலத்துக்கு உள்ள பெருநோய் ஒன்று தமிழுக்கு இல்லை. யூனிக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறென்று கொள்ளும். விண்டோஸ் ஒன்றென்று கொள்ளும். இந்த முரணைச் சமாளிக்கச் சாம்பா படும் பாடு சிறிதன்று. கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால் அடைவு முழுவதையும் துழாவிப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் நேரம் பிடிக்கிறது. தமிழில் பெரிய எழுத்தேது, சிறிய எழுத்தேது? வழங்கியைக் குழப்புவது எந்த மொழி என்று உபதேசிகள் சொல்லட்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதி வைப்பதால் விளையும் கேட்டை எங்கள் ஊர்ப் பெயரே காட்டும். சேந்தமங்கலத்தின் தகரத்துக்கு ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தைப் போடுவார் ஒருவர். நான்காவதோடு எட்டாவதைச் சேர்ப்பார் மற்றொருவர். இருபதாவதோடு எட்டாவதைச் சேர்ப்பார் இன்னொருவர். அரசு ஏடுகளிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. ‘பலம்’, ‘பழம்’, ‘பாலம்’ மூன்றும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டில் அடங்கிவிடும். நூறு கோப்புகள் இருக்கும்வரை நினைவாற்றல் காப்பாற்றும். ஆயிரக்கணக்கில் பெருகி, சேர்த்தவரும் மாற்றலாகிப் போனபின், எதை எந்த எழுத்துக்கூட்டில் தேடுவது? தேடிக் கிடைக்காத ஏடு இல்லாத ஏடேயாகும். அதிலும் வாய்மொழிப் பாடலின் ஒலிப்பதிவைத் திறந்து முழுதும் கேட்டாலன்றி அது என்னவென்று தெரியாது. கோப்பின் பெயர்தான் அதற்கு முகவரி, முதற்குறிப்பு, சில வேளைகளில் பாடியவரின் ஊர் எழுதப்பட்ட ஒரே இடம்.

உபதேசிகளின் இரண்டாம் திருவிளையாடல் உரிமை வழங்குவதில் நடக்கிறது. யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழுவினர், பிறர் என மூவகையார். படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகை உரிமை. ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திருத்த முடியவில்லை என்று முறையீடு வந்ததும், வல்லுநர் மூன்று ஏழுகளைத் தட்டி எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிட்டுப் போய்விடுகிறார். முறையீடு நின்றுவிடுகிறது. கூடவே பாதுகாப்பும் நின்றுவிடுகிறது. யார் வேண்டுமானாலும் எதையும் திருத்தலாம், அழிக்கலாம் என்றால் அங்கே மூலம் என்று ஒன்று இருக்குமா? இடைச்செருகலைப் பற்றி நூறாண்டுகள் சண்டையிட்ட கூட்டம் நாம்; நம் வட்டில் இடைச்செருகலுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிறோம்.

செய்ய வேண்டியது அதிகமன்று. இதழ்ப்பணி செய்வோரை ஒரு குழுவாக்கி, பொது அடைவை அக்குழுவுக்குரியதாக்கி, அதற்குள் பிறக்கும் ஒவ்வொன்றும் தானாகவே அக்குழுவைச் சேரும்படி 2770 என்னும் உரிமையெண்ணை அடைவுக்கு இட்டால் போதும். அந்த முதல் 2 செய்யும் வேலை மூன்று ஏழுகளாலும் ஆகாது. சாம்பாவின் அமைவுக் கோப்பிலும் புதிய கோப்புகளுக்கு 0660, குழு இன்னது என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஒளிவருடிய மூலங்களும் ஒலிப்பதிவுகளும் தனிப் பகிர்வாக, எல்லார்க்கும் படிக்க மட்டும், எழுத இருவர்க்கு மட்டும் என்றிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் பட்டே அறிகிறார்கள். வலையமைப்பு வட்டிலிருந்து ஒரு கோப்பை அழித்தால் அது விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, நேராக இல்லாமற்போகிறது. சாம்பாவில் ‘ரீசைக்கிள்’ என்னும் கூறு இருக்கிறது. இயக்கினால், அழித்தவை வழங்கியிலேயே ஓர் ஒதுக்கு அடைவில் அடைக்கலம் புகும். நான்கு வரி வேலை. இதைச் செய்யாமல் கூலி வாங்குவதை என்னவென்று சொல்வது?

கடவுச்சொல் கேட்டாலே சலித்துக்கொள்ளும் பெரியோர்க்காக, யாரும் விருந்தினராக நுழையலாம் என்று கதவைத் திறந்து வைப்பதும் வழக்கம். அக்கதவை விண்டோஸே இப்போது அடைத்துவிட்டது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், அலுவலகங்களுக்கான வகைகளில், கையொப்பமில்லாத விருந்தினர் இணைப்பு இயல்பாக மறுக்கப்படுகிறது. ‘நேற்றுவரை திறந்த வட்டு இன்று திறக்கவில்லை’ என்னும் முறையீடுகளில் பல இவ்வகை. அப்போதும் வல்லுநர் செய்வது, மேசைக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவதே. அதைவிடக் கொடுமை, பழைய ஒளிவருடி ஒன்று புதிய நெறிமுறையைப் பேசவில்லை என்பதற்காக எஸ்எம்பியின் முதற்பதிப்பை வழங்கி முழுமைக்கும் திறந்துவிடுவது. 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வானாக்ரை புகுந்த வாயில் அம்முதற்பதிப்புதான். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாக அடைத்தே தருகிறது. ஒளிவருடிக்கு யூஎஸ்பி கம்பி என்று ஒன்று உண்டு. அதில் பொருத்தினால் தீர்ந்தது.

எவ்வளவு ஒழுங்காக அமைத்தாலும் ஒரு வழங்கி என்பது ஒரு படிதான். இரண்டு வட்டுகளில் ஒரே செய்தியை எழுதுவதைக் காப்புப்படி என்று மயங்குவோர் உண்டு. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் எரிந்தன. அதை நினைத்துக் கண்ணீர் விடுபவர்கள், தம் இருபதாண்டுச் சேகரத்தை ஒரே அறையில் ஒரே பெட்டியில் வைத்திருப்பதைக் காண்கிறோம். எங்கள் பெட்டியிலிருந்து மாதம் ஒருமுறை தனி வட்டொன்றில் படியெடுத்து, அதைக் கழற்றி, வேறோர் ஊரில் வைக்கிறோம். வட்டின் விலையைவிடப் பேருந்துச் செலவு குறைவு.

இனி வலையமைக்க வருபவரிடம் கணக்குத் தீர்க்கும் முன் செய்ய வேண்டிய சோதனையைச் சொல்லி முடிக்கிறோம். விண்டோஸ் கணினியொன்றிலிருந்து ‘கொல்லிமலை’ என்று ஓர் உறையை வழங்கியில் உருவாக்குங்கள். ஆப்பிளோ லினக்ஸோ இருந்தால், அதற்குள் ‘ஔவையார்’ என்று ஒரு கோப்பை எழுதுங்கள். வேறொருவர் பெயரில் நுழைந்து அதைத் திருத்திப் பாருங்கள். திருத்த முடிய வேண்டும். மூலங்கள் இருக்கும் பகிர்வில் எதையாவது அழிக்க முயலுங்கள், முடியக்கூடாது. பொது அடைவில் ஒன்றை அழித்துவிட்டு, அதை மீட்டுத் தரச் சொல்லுங்கள். மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டு, பெட்டி தானாக எழுந்து எல்லாவற்றையும் மீண்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றில் எதற்கேனும் ‘தமிழில் பெயர் வைத்ததால்தான் சார்’ என்று விடை வந்தால், பணப்பையை மூடி வைத்துவிட்டு அடுத்தவரை அழைக்கலாம்.